பெயர் சுட்டா அறம்

மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் எதற்காக அஞ்ச வேண்டும் என்னும் வினா இக்காலத்தில் மிக எளிதாகக் கேட்கப்படுகிறது. கைப்பேசியிலுள்ள செயலி ஒன்று தன்னை வைத்திருப்பவர் செல்லும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்கிறது என்றாலும், கடைக்காரர் ஒருவர் அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக அடையாள அட்டை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்கிறார் என்றாலும், முகமறியாத நிறுவனம் ஒன்று ஒருவர் இரவில் தேடிய பொருளை நினைவில் வைத்திருந்து விடியற்காலையில் அதனையே விளம்பரமாக அவர் கண்முன் நிறுத்துகிறது என்றாலும், இவ்வொரு வினாவே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடுகிறது. "தெரிந்துகொள்ளட்டுமே, நான் செய்த குற்றம் என்ன?" என்று கேட்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருக்கிறார். இவ்வினாவின் வலிமையும் அதுவே. வாழ்நாள் முழுதும் வரவு செலவில் ஒரு காசு பிசகாதவர், பிள்ளைகளை நேர்மையாக வளர்த்து ஆளாக்கியவர், அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேளாதவர் இதனைக் கேட்கிறார்.

ஆகவே இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுதலைத் தமிழ் அறநூல்கள் கடிந்துள்ளன. திருக்குறளில் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரமே அதற்கென அமைந்திருக்கிறது. அந்நெறியில் வளர்ந்தவர்க்குத் திரை என்றாலே ஐயம் தோன்றுவது இயல்பு. ஆனால் வள்ளுவர் அங்கே கடிவது தவவேடம் பூண்டு பிறரை ஏமாற்றுவோரை. இல்லத்தின் கதவைச் சாத்திக்கொள்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. உறையிலிட்டு ஒட்டப்படும் கடிதங்களுள் ஆயிரத்தில் ஒன்றிலேனும் குற்றச் செய்தி இருக்குமா என்பது ஐயமே. எனினும் எவரும் உறையின்றிக் கடிதம் அனுப்ப விரும்புவதில்லை.

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது ஈண்டு நினைக்கத்தக்கது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினித் தரவுத்தளத்துள் ஊடுருவியோர் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த நாள் முதலியவற்றைக் கவர்ந்து சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் உடன் போயிற்று. அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிப்பாகவும் மீண்டும் மீண்டும் தேடப்பட்டன. செய்தி வெளியானபோது அவர், தம் மருந்து விவரம் தாம் வழக்கமாகப் பிறரிடம் சொல்லக்கூடியது அன்று என்றும், எனினும் அதில் அதிர்ச்சி தருவது எதுவும் இல்லை என்றும் எழுதினார். இவ்விரண்டு கூற்றும் ஒருங்கே உண்மையாக இருக்க முடிகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். மறைக்க வேண்டியது ஏதுமில்லாத ஒன்றையும், கேட்டவர்க்கெல்லாம் எடுத்துரைக்க வேண்டும் என்பதில்லை. "மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பரந்த நிலத்தைக் காணத் தவறுகிறார்.

அந்நிலத்தில் வாழ்வோரே மிகப் பலர். 2019 ஜனவரியில் வெளிப்பட்ட செய்தி ஒன்று இதனைக் கசப்பாக உணர்த்தியது. சிங்கப்பூரின் எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்களும், அவர்களுடன் தொடர்பிலிருந்த 2,400 பேரின் விவரங்களும் முறைகேடாக இணையத்தில் வெளியிடப்பட்டிருந்தன. நோயுறுதல் குற்றமாகாது. நோயாளியுடன் பழகியதும் குற்றமாகாது. ஆயினும் வேலையிடத்தில், உறவினர் நடுவில், திருமணப் பேச்சில் அப்பட்டியல் என்ன செய்யும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குற்றமற்றவர்க்கு அச்சமில்லை என்னும் வாய்பாடு, உலகம் குற்றத்துக்கு மட்டுமே தண்டனை தருகிறது என்று எண்ணிக்கொள்கிறது. உலகம் நோய்க்கும், வறுமைக்கும், பிறப்புக்கும், மணமுறிவுக்கும் தண்டனை தருவதை அவ்வாய்பாடு அறியாது.

இனி, பெயர் பற்றியது. தரவு திரட்டும் நிறுவனங்கள் தரும் உறுதிமொழிகளுள் அடிக்கடி வருவது, பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே யாருடையது என்று எவர்க்கும் தெரியாது என்பதே. தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த இலக்கணம், அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது. பெயர் சுட்டப்பெற்றால் அப்பாட்டு அகத்தின் எல்லையைக் கடந்து புறமாகிவிடும். காதல் எல்லார்க்கும் பொதுவாதலின் அதனை ஒருவர்க்கு உரியதாக்குதல் கூடாது என்று இதற்குக் காரணம் காட்டுவர். அக்காரணம் இலக்கியம் பற்றியது. ஆனால் அதனுள் ஓர் அறமும் பொதிந்திருக்கிறது எனல் மிகையாகாது. அகப்பாடல்கள் எதையும் பேசக் கூசுவதில்லை. பசலையையும், இரவுக்குறியையும், பரத்தையிற் பிரிவையும், ஊடலையும் அவை ஒளிவின்றிப் பேசுகின்றன. எல்லாவற்றையும் சொல்லலாம், இன்னார் என்று மட்டும் காட்டலாகாது என்பதே அவ்வரம்பு. அந்தரங்கம் என்றால் வாய்மூடி இருத்தல் என்று கொள்வோர்க்குச் சங்கப் புலவர் வேறொரு வழியைக் காட்டியிருக்கின்றனர்.

அவ்வரம்பு எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதற்கும் பழந்தமிழிலேயே சான்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். பிரிவாற்றாது அரண்மனையில் வாடும் அரசியையும், கூதிர்காலத்துப் பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது காயமுற்ற வீரரைக் கண்டுவரும் அரசனையும் அது காட்டுகிறது. பாட்டில் அவர்தம் பெயர் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்ததாக ஒரு சிறு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அதனைக் கொண்டே, பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது புலப்படுதலின் இது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். இதனை மறுத்து அகமே என்பாரும் உளர். அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெயரை நீக்குவதால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை, ஒரு கொத்து வேப்பந்தழை போதும் அவரைக் காட்டிக்கொடுக்க என்பதை உரையாசிரியர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டார் என்பதுதான் வியப்பு.

இதே செய்தியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1990களில் நேரடியாகக் கற்றுக்கொண்டது. மாநில ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்க்கு வழங்கியபோது பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. அப்போது ஆய்வு மாணவியாக இருந்த லத்தான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே நாளில் பிறந்தோர் அந்நகரில் 6 பேர். அவர்களுள் ஆடவர் 3 பேர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டுக்குள் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்பது அவ்வளவில் விளங்கிவிட்டது. அமெரிக்க மக்களுள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரை இம்மூன்று குறிப்புகளைக் கொண்டே தனித்து அறியக்கூடும் என்று அவர் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

மலேசியரின் அடையாள அட்டை எண்ணை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் நன்று. அதன் 12 இலக்கங்களுள் முதல் 6 பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் உரைக்கின்றன. அடுத்த 2 பிறந்த மாநிலத்தை, அல்லது நாட்டைக் குறிக்கின்றன. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பிறந்த நாளும் பாலும் ஊர்க்குறிப்பும் ஒரே எண்ணில் கோக்கப்பட்டுள்ளன. வேம்பை வேலில் சூட்டவும் வேண்டியதில்லை, எண்ணே வேம்பாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டின் 46.2 மில்லியன் கைப்பேசி எண்கள், அவற்றின் உரிமையாளர் விவரங்களோடு கசிந்தமை வெளிப்பட்டது. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 32 மில்லியன். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வைத்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

பெயரையும் எண்ணையும் விட்டு, நோக்கம் என்பதற்கு வந்தால் வழக்கு கடுமையாகிறது. கொவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 20ஆம் நாள், சிங்கப்பூர் அரசு டிரேஸ்டுகெதர் என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. ஒருவரோடு ஒருவர் அருகிலிருந்ததைக் கைப்பேசிகளே குறித்து வைத்துக்கொள்ளும். எவருக்கேனும் தொற்று உறுதியானால் அவர் அருகிலிருந்தோரை விரைந்து கண்டறிய அது உதவும். கைப்பேசி கையாள இயலாத முதியோர்க்குக் கழுத்தில் மாட்டும் சிறு கருவியும் வழங்கப்பட்டது. தரவு தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூனில் உறுதி கூறினார். ஆண்டு முடிவதற்குள் மக்களுள் 10 பேரில் 7 பேருக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டனர். 2021 ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறை அத்தரவைப் பெற முடியும் என்று உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கொலை வழக்கு ஒன்றில் அவ்வாறு நாடப்பட்டதும் தெரியவந்தது. முன்னர் உறுதி கூறியபோது தாம் அச்சட்டத்தை எண்ணிப் பார்க்கவில்லை என்று பாலகிருஷ்ணன் மறுநாள் அவையில் ஒப்புக்கொண்டார்.

இது அறநூல் வகுப்பில் வைத்து வாதிடத்தக்க வழக்கு. கொலையுண்டவரின் தாய், மகனைக் கொன்றவனைக் காட்டக்கூடிய குறிப்பு அரசின் கையில் இருந்தும் அதனைப் பார்க்க மறுத்தார்கள் என்றால் என்ன சொல்வார்? அவர்முன் நின்று அந்தரங்கம் பேசுதல் எவர்க்கும் எளிதன்று. மறுபுறத்தில், நோய்த்தடுப்புக்கு என்று நம்பித் தம் நடமாட்டத்தை ஒப்படைத்தவர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கொலைக்கும் களவுக்கும் தொடர்பற்றவர்கள். தம் தரவு காவலர் கையில் சிக்கிவிடுமே என்பது அவர்களுள் பலரின் கவலை அன்று. ஒன்றைச் சொல்லி வாங்கிவிட்டு இன்னொன்றுக்கு எடுக்கலாம் என்றால், அடுத்த முறை எதை நம்பிக் கொடுப்பது என்பதே அவர்களின் கேள்வி. இக்கேள்வி தாயின் துயரத்துக்கு எதிரானது அன்று.

நோக்கம் நல்லதாயிருந்தால் வாக்கு நெகிழலாம் என்பார் உண்டு. அவர் கூற்றில் உள்ள பிழை, எந்நோக்கம் நல்லது என்பதை வாக்குக் கொடுத்தவரே முடிவு செய்கிறார் என்பதாகும். இன்று கொலை, நாளை கொள்ளை, மறுநாள் கடன் கட்டத் தவறியோர் என்று அப்பட்டியல் வளர்ந்தால், எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லும் உரிமை கொடுத்தவரிடம் இல்லாது போகிறது. கொடுங்குற்ற விசாரணைக்கு மட்டும் விலக்கு உண்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் சிலர் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்தவர்கள் தெரிந்து சேர்ந்திருப்பார்கள். அரசு செய்த திருத்தமும் ஏறக்குறைய இதுவே. 2021 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம், 7 வகைக் கொடுங்குற்றங்களின் புலனாய்வுக்கு மட்டுமே அத்தரவைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டியது. அமைச்சர் அவையில் எழுந்து தாம் எண்ணாது விட்டதை எண்ணாது விட்டதாகச் சொன்னதும், வரம்பு சட்டமானதும் பாராட்டுக்குரியவை. ஆனால் வரம்பு, கொடுத்த பின்னர் வந்தது. 2023 பிப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டுத் தரவுகள் அழிக்கப்பட்டபோதும், 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றைச் சார்ந்தவை மட்டும் விலக்கி வைக்கப்பட்டன.

ஒரு நோக்கத்துக்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுவதற்குத் தமிழில் அடைக்கலம் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அவ்வாறு ஒப்படைக்கிறார், அடைக்கலக் காதை என்று அதற்கெனவே ஒரு காதை உண்டு. கோவலன் கொலைக்கும் மாதரிக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. தன்னிடம் வந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமற் போயிற்றே என்று அவ்விடைக்குல மூதாட்டி தீப்புகுந்தாள் எனக் காப்பியம் கூறுகிறது. தரவுத்தளக் காவலர் எவரும் தீப்புக வேண்டும் என்று இன்று எவரும் கேட்கப் போவதில்லை. சிங்ஹெல்த் ஊடுருவலுக்காக 2019இல் அதன் கணினி முறைமையைப் பேணிய நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் தண்டம் விதிக்கப்பட்டன. மாதரிக்கு இருந்த உணர்வைத் தண்டத்தொகையால் உண்டாக்க முடியுமா என்பது வேறு. பேரளவு அடைக்கலம் பெறுவோர் யார் என்று பார்த்தால், மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு வேறு விதிகளும் சட்டமும் உண்டு. கடைக்காரரிடம் கேட்கக்கூடிய கணக்கை, அதே சட்டத்தைக் காட்டி அமைச்சகத்திடம் கேட்க இயலாது என்பதே குடிமகனின் நிலை.

ஒப்புதல் தந்துவிட்டுப் பின்னர் முறையிடுவது ஏன் என்று கேட்கப்படலாம். திரையில் தோன்றும் நீண்ட விதிமுறைகளின் அடியில் "ஒப்புகிறேன்" என்னும் பொத்தான் இருக்கிறது. அதனை அழுத்தியவருள் விதிகளைப் படித்தவர் எத்தனை பேர் என்பதை அதனை எழுதிய வழக்கறிஞரும் அறிவார். அழுத்தாவிட்டால் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது, பேருந்து நேரம் பார்க்க முடியாது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பதிவிறக்க முடியாது என்னும்போது, அதற்கு ஒப்புதல் என்று பெயரிடுவதைக் காட்டிலும் சுங்கம் என்று பெயரிடுவது பொருந்தும்.

அதனினும் ஆழமான குறை ஒன்று அப்பொத்தானில் உண்டு. கைப்பேசியின் தொடர்பேட்டைப் பார்க்கலாமா என்று செயலி கேட்கிறது. உரிமையாளர் இசைகிறார். அவ்வேட்டில் இருப்பவை அவருடைய எண்கள் அல்ல. மருத்துவர், வாடகைக்கு இருப்பவர், பிரிந்து வாழும் தங்கை, கடன் கொடுத்த நண்பர் ஆகியோருடையவை. அவர்கள் எவரும் கேட்கப்படவில்லை. எச்ஐவி பதிவேட்டோடு வெளிவந்த 2,400 பேரும் இத்தகையோரே. பிறருடைய குறிப்பில் தம் பெயர் இருந்தது என்பதைத் தவிர அவர்கள் எதையும் எங்கும் கொடுத்தவர்கள் அல்லர். "மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, தம்மிடம் பிறர் வைத்திருப்பதையும் சேர்த்தே அவர் கணக்குப் பார்க்க வேண்டியவராகிறார். தம்முடையதைக் கொடுப்பது தாராளமாகலாம். பிறருடையதைக் கொடுத்தற்கு அப்பெயர் இல்லை.

இவ்வகைக் கொடை பள்ளிகளில் நல்லெண்ணத்தோடே நிகழ்கிறது. தேர்வு முடிவுப் பட்டியல் பெயர்களோடு பெற்றோர் அனைவரும் இருக்கும் புலனக் குழுவில் இடப்படுகிறது. முதலிடம் பெற்றவரைப் பாராட்டுவதே நோக்கம், கடைசியில் இருப்பவரின் பெயரும் அதே பட்டியலில் இருப்பது எவர் எண்ணத்திலும் இல்லை. உதவித்தொகை பெற்ற மாணவர்கள் அட்டைக் காசோலையோடு வரிசையாக நிறுத்தப்பட்டுப் படம் எடுக்கப்படுகின்றனர். கொடையாளர்க்கு நன்றி கூறுவதே நோக்கம். அப்படம் முகநூலில் ஏறிய பின், அக்குடும்பத்தின் வருமானம் எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஊர் அறியும்.

"என் குடும்பம்" என்னும் தலைப்பில் மாணவி ஒருத்தி கட்டுரை எழுதுவதாகக் கொள்ளலாம். தந்தை வேலையிழந்து குடிக்கத் தொடங்கியதையும், தாய் இரவு வேலைக்குச் செல்வதையும், தம்பிக்குத் தானே சோறு ஊட்டுவதையும் அவள் பிழையற்ற தமிழில், உணர்ச்சி ததும்ப எழுதியிருக்கிறாள். அத்தகைய எழுத்தைக் காணும் ஆசிரியர் பூரித்துப்போவது இயல்பே. அந்தப் பூரிப்பில் அவர் அதனைப் படமெடுத்து, பெயரும் வகுப்பும் தெரிய, ஆசிரியர் குழுவில் பகிர்கிறார். அங்கிருந்து அது வேறு குழுக்களுக்குச் செல்கிறது. பாராட்டுகள் குவிகின்றன. பெயர் இருந்த மேல்விளிம்பைக் கைவிரலால் மறைத்துப் படமெடுத்திருந்தாலும், தம்பிக்குச் சோறு ஊட்டும் அந்த வீட்டை அவ்வூரில் அறியாதவர் இலர். அவளோ அக்கட்டுரையை ஆசிரியர் ஒருவர்க்கென்றே எழுதினாள். அடுத்த பருவத்தில் அதே தலைப்பு வரும்போது, தன் குடும்பம் ஞாயிறுதோறும் கடற்கரைக்குச் சென்று மகிழ்வதாக அவள் எழுதுவாள். அதிலும் பிழை ஒன்றும் இராது.